கோட்டுக்குள் மட்டும்

தை 9, வியாழன்.

சம்பா அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தை இன்று நகராட்சியின் பழைய ஸ்டேடியத்தில் நடந்தது. எங்கள் வீட்டுக்குக் கூலி ஆட்கள் வரமாட்டார்கள், அவர்கள் தெருவுக்கு மிராசுதார்கள் நாங்கள் போகமாட்டோம். அதனால் தாசில்தார் அந்த இடத்தைச் சொன்னார். காலரிப் பலகைகளை எவனோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். சடுகுடு ஆடிய இடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது.

எதிர் பெஞ்சில் சங்கத் தலைவனாக மாரிமுத்து. நகர அணியில் ஏழு வருஷம் என் இடது கையைக் கோத்துக்கொண்டு பிடி போட்டவன். ஊரில் என்னை ஐயா என்பான். இங்கே கோட்டுக்குள் வந்துவிட்டால், "டேய் ராசு, விட்றாதடா!" என்று கத்துவான். அந்த 'டா'வைக் கேட்கத்தான் ஆடப் போனேனோ என்னவோ.

பேச்சு முறிந்தது. வெளியே போனவனை வாசலில் நிறுத்தி, "மாரி, இங்கயாவது பேர் சொல்லிக் கூப்பிடேன்டா" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான்.

"கோடு அழிஞ்சுபோச்சுங்களே" என்றான்.

எழுதும்போது இடது கை சும்மா கிடக்கிறது.