பர்சலோய் முள்

ஏரிக்கரை,
12 மார்ச் 2000

அண்ணன் பர்சலோய்க்கு, தங்கை நாசியேகு எழுதுவது.

நகுரு பட்டணத்தில் நீ சுகமாக இருப்பாய். நாங்கள் இல்லை. பதினொரு ஆடு போய்விட்டது. புல் கருகிக் கிடக்கிறது, தின்பதற்கு நீ நட்ட மரத்தின் நெற்றுதான் மிச்சம். அந்த இனிப்பு பல்லிடுக்கில் ஒட்டி, ஈறு அழுகி, பல் கொட்டி, பட்டினியிலேயே சாகின்றன. ஏரிக்குப் போகிற வழியை முள் அடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் காலில் ஏறிய முள் சீழ் வைத்து, ஒரு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார்.

ஊரில் அந்த மரத்துக்கு என்ன பேர் தெரியுமா? பர்சலோய். "பர்சலோய் குத்திட்டான்", "பர்சலோயை வேரோட பிடுங்கணும்" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். நேற்று சந்தையில் ஒருத்தி, "உங்க அண்ணன் போற இடமெல்லாம் முளைக்கிறானே, கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வாங்கப் போனதை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நாசியேகு


நகுரு,
26 மார்ச் 2000

அன்புத் தங்கைக்கு,

கோபப்படு, கொஞ்சம் யோசிக்கவும் செய். மரம் நடும் திட்டத்தில் வேலை பார்த்தபோது, புழுதிக் காற்றைத் தடுக்க மூன்றே வரிசைதான் நட்டேன். தண்ணீர் சுமந்து ஊற்றியது நீ. பதினான்கு வருஷம் அது வைத்த இடத்திலேயே நின்றது. தொண்ணூற்றேழில் பேய்மழை கொட்டி, ஏரி பொங்கி, நெற்றையெல்லாம் மேய்ச்சல் நிலத்துக்கு அள்ளிப்போனது. அப்புறம் இரண்டு வருஷமாகச் சொட்டு மழை இல்லை. நம் புல் செத்தது, ஆழமாக வேர்விட்ட அது பிழைத்தது. மழை இப்படிப் புத்தி மாறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

எனக்கு நெஞ்சில் கட்டி. மருத்துவர் கைவிரித்துவிட்டார். அப்பா நிலத்துக்கு வந்துவிடுகிறேன். ஊரிடம் நீதான் பேச வேண்டும். அந்த மரத்துக்குச் சீமைக்கருவேலம் என்று சொந்தப் பேர் இருக்கிறது. செத்தவன் பேரை நம்மில் யாரும் சொல்வதில்லை. அந்த நிம்மதி எனக்கும் வேண்டாமா? ஊரே தினமும் கூவிக்கொண்டிருந்தால் நான் எப்படிச் சாவேன்?

உன் அண்ணன்,
பர்சலோய்


ஏரிக்கரை,
5 ஏப்ரல் 2000

அண்ணன் பர்சலோய்க்கு,

உன் நோயைப் படித்து அழுதேன். அதனால் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே.

மழைமேல் பழி போடுகிறாய். தொண்ணூற்றொன்றிலேயே பட்டிக்குப் பின்னால், ஆட்டுப் புழுக்கையிலிருந்து அது தானாக முளைத்தது. பிடுங்கவா என்று உனக்கு எழுதிக் கேட்டேன். "விடும்மா, தண்ணி கேக்காத மரம், தானா வந்தா லாபம்தானே" என்று பதில் போட்டாய். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மழை வந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து. அன்றைக்கு ஒற்றைக் கையால் பிடுங்கியிருப்பேன்.

வா, பாய் போட்டு வைக்கிறேன். ஆனால் அப்பா நிலத்தில் நுழைய வழியில்லை. அடைத்துக்கொண்டு நிற்பது நீதான். கடப்பாரை கொண்டு வா. ஊரிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

நாசியேகு


ஏரிக்கரை,
30 ஜூன் 2000

அண்ணா,

பேர் எழுதக் கூடாது, எழுதவில்லை. இது தபாலுக்கும் போகாது.

இருமிக்கொண்டே பத்தொன்பது நாள் தோண்டினாய். "போதும்ணா, உள்ள வா" என்று கத்தினேன். "வழி விட்டுட்டுப் படுக்கிறேன்" என்றாய். அந்த வழியாகத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. அன்று மாலையே ஊர் வாயை மூடிக்கொண்டது. இப்போது மரத்தை முகவாயால் காட்டி "அது" என்கிறார்கள். அந்தச் சந்தைக்காரிகூட "அது குத்திருச்சு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மழை பெய்தது. நீ தோண்டிய குழிகளிலெல்லாம் அது முளைத்திருக்கிறது. இந்த முறை யாரையும் கேட்காமல் பிடுங்குகிறேன். நேற்று உள்ளங்கையில் முள் ஏறியது. உன் பேர் நாக்குவரை வந்தது, விழுங்கிவிட்டேன். திட்டுவதற்கு எனக்கு வேறு பேர் தெரியாது, அண்ணா.

உன் தங்கை,
நாசியேகு