முறிவை மட்டும் எண்ணினேன்

12-8-1971, வியாழன்

காலையில் ஐயம்பேட்டையிலிருந்து ஒருத்தி புருஷனோடு கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தாள். டாக்டர் வருமுன் நான் எக்ஸ்ரே எடுத்தேன். தொடை எலும்பு புதிதாக முறிந்திருந்தது. விலாவில் முறிந்து கூடிய பழைய தடம் மூன்று. புருஷன் எதிரிலேயே, "கொழந்தைய அடிச்சியா?" என்று அவளைக் கேட்டேன்.

"தூக்கினாலே ஒடையுது சார்."

"படம் பொய் சொல்லுமா?"

புருஷன் அங்கேயே அவளை அறைந்தான். "உங்கம்மா வூட்டுக்கே போயிடு" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு விரட்டினான்.

மாலையில் டாக்டர் வந்தார். குழந்தையின் வெள்ளைவிழி நீலமாக இருந்ததைக் காட்டினார். "பொறவியிலேயே எலும்பு நொறுங்குற நோய்பா. எலும்பெல்லாம் மெலிஞ்சிருக்குதே, படத்துல பாக்கலியா?"

பார்க்கவில்லை. முறிவைத்தான் எண்ணினேன்.

புருஷனிடம் சொன்னேன். "அத காலையிலேயே சொல்றதுக்கு இன்னா?" என்று குழந்தையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினான். அது வீறிட்டது. எப்படித் தூக்குவதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவளைத்தான் துரத்தியாயிற்றே.