புலுனிக் கூடும் அப்பாவின் நடையும்

அண்ணைக்கு,

நீங்கள் அப்பாவைப் பார்க்க வரவில்லை. புலுனிக் குருவி பார்க்கத்தான் வந்தீர்கள்.

மாரடைப்பு வந்தவர் தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால், அப்பா வளவுக்குள் தேசிமரம் வரை நடந்துகொண்டிருந்தார். அந்த மரத்திலிருந்த புலுனிக் கூட்டுக்கு நேரே நீங்கள் கமெரா பூட்டினீர்கள்.

"தங்கச்சி, அப்பாவை இந்தப் பக்கம் விடாதை. குருவியள் கூட்டை விட்டிட்டுப் போயிடும்."

அதைச் சொல்லிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டீர்கள். அப்பா கதிரையை விட்டு எழும்புவதில்லை. "பெரியவன்ரை ஆராய்ச்சி பிழைச்சுப் போகும், பிள்ளை" என்கிறார். கால்கள் வீங்கிவிட்டன.

நேற்று அந்த ஆராய்ச்சி பற்றிய உங்கள் உரையைப் போனில் பார்த்தோம். புலுனிக் குஞ்சுக்குத் தாய் தகப்பன் மட்டுமல்ல, முன்னம் பொரித்த பிள்ளைகளும் கூட நின்று இரை ஊட்டும் என்றீர்கள். சபை கைதட்டியது. அப்பாவும் தட்டினார். நான் போனை அணைத்தேன்.

இன்று காலை கமெராவைக் கழற்றினேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு மரம் வரை நடந்தார். ஒரு புலுனியும் கூட்டை விட்டுப் போகவில்லை.

கமெரா என்னிடம் இருக்கிறது, தபாலில் அனுப்ப மாட்டேன். நேரில் வந்து அப்பாவின் மற்றக் கையைப் பிடித்து நடத்துங்கள், பிறகு தருகிறேன். எப்போது வருகிறீர்கள்?

கூட நிற்கும்
தங்கச்சி