ஞாயிற்றுக்கிழமை நீ இருந்தாயா?

என் செல்லத் தம்பி ஞானமுத்துவுக்கு,

கொழும்புக்கு நீ வாத்தியார் வேலைக்குப் போன நாளிலிருந்தே இந்த வீட்டில் ஒரு தட்டுதான் கழுவுகிறேன். அப்போதெல்லாம் அது தனிமையாகத் தெரியவில்லை. லீவுக்கு வருவாய் என்று இருந்தேன்.

கடைசியாக வந்தபோது தக்கலை பஸ்ஸைக் காட்டிப் புதுப் பௌதிகம் சொன்னாயே. நிற்கிறவனுடைய ‘இப்போது’ வேறு, ஓடுகிறவனுடைய ‘இப்போது’ வேறு, உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒன்று கிடையாது என்றாய். “அப்பம் நீ எப்பம்லே சோறு திங்க வருவ?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாய்.

காய்ச்சல் என்று நீ எழுதிய கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. மறுநாள் கோயிலில் ஜெபச் சீட்டில் உன் பெயரை எழுதிக் கொடுத்தேன். சபை முழுவதும் உன் சுகத்துக்காக ஜெபித்தது. மனசு லேசாகிவிட்டது எனக்கு. வீட்டுக்கு வந்து சாளை மீன் குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் அறைத்தோழரின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே நீ போய்விட்டாயாம்.

மரித்தவர்களுக்காக நம் சபையில் ஜெபிப்பதில்லை, உனக்குத் தெரியும். போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அறியாம செஞ்சது குத்தமில்ல மகளே” என்று சொல்லி, ஜெபப் பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்தார். குற்றத்தைப் பற்றி எனக்கென்ன கவலை? அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எனக்கு உயிரோடு இருந்தாயே, அது பொய்யா? நான் அறிகிற வரைக்குமாவது நீ இருந்தாய் என்று உன் பௌதிகம் சொல்லாதா?

உன் கடிதங்களைக் கிளறினேன். கொழும்பின் ‘இப்போது’கூட வேறா என்று முன்பு நான் கேட்டதற்குப் பதில் எழுதியிருந்தாய்: “இவ்வளவு பக்கத்துல கண்ணு இமைக்குத நேரம்கூட வித்தியாசம் வராதுக்கா. நீ அங்க சோறு வடிக்கும்போ நான் இங்க பசிச்சுத்தான் இருப்பேன்.” அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்த வரி. இன்று அதைப் படிக்க முடியவில்லை. அந்த ஞாயிறு நான் சோறு வடித்தபோது உனக்குப் பசியே இல்லை.

இனி சீட்டு எழுத மாட்டேன். ஆனால் சபையார் எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, கண் இமைக்கும் நேரம் தாமதித்து நான் சொல்வேன். யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த வித்தியாசம் உனக்கு, நான் இருக்கும் வரை.

உனக்குச் சோறு எடுத்துவைத்தே பழகிய,
அக்கா