ஆதிலா அனுப்பிய பெற்றோல் பில்டர்

அன்பு மகள் ஆதிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் நல்ல சுகம், மெல்பனில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். பதினைந்து நாளாக நீ உம்மாவுடன் மட்டும் கதைக்கிறாய், என் அழைப்பை எடுப்பதில்லை. அதனால் லீவு முடிந்து மெல்பனுக்குத் திரும்பும் றினாஸின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கடிதத்தை நீ கட் பண்ண முடியாதே.

உன் கோபம் நியாயம்தான். நம் 1934ஆம் ஆண்டுக் காருக்கென்று நீ தேடிப்பிடித்து அனுப்பிய பித்தளை வலைப் பில்டரைப் பூட்டிய அன்றே, பாலமுனைக்குப் போகும் வழியில் கார் நின்றுவிட்டது. கால்மணி நேரம் சும்மா விட்டால் ஓடும், பிறகு நிற்கும். உம்மா இறங்கி ஓட்டோவில் போய்விட்டா. நானோ ஷரிபுதீனின் கராஜில் பத்துப் பேர் கேட்க, "என்ட இன்ஜினியர் மகள் பில்டரெண்டு தேத்தண்ணி வடியை அனுப்பிரிக்கா" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு ஒரே நாளில் மெல்பனுக்கு வந்து சேர்ந்துவிட்டது, என் கார்தான் பாலமுனைக்கே போய்ச் சேரவில்லை.

கடையில் கடதாசிப் பில்டர் வாங்கிப் பூட்டினேன், அதற்கும் நின்றது. பிறகுதான் இரண்டையும் சோதித்துப் பார்க்கும் புத்தி வந்தது. முற்றத்து மாமரக் கொப்பில் கொளுவி, ஆளுக்கொரு போத்தல் பெற்றோல் ஊற்றி, வடிந்து முடியும்வரை உம்மா ஓதும் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டி எண்ணினேன், அதற்கு ஏச்சு வாங்கியது வேறு கதை. கடதாசிக்குத் தொண்ணூற்றொன்பது மணியும் முடிந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. உன்னுடையது முப்பத்துமூன்றில் முடித்துவிட்டது, வலையில் துருத்தூளும் தங்கியிருந்தது. பம்ப் இல்லாமல் பெற்றோல் தன் பாரத்தில் தானே இறங்கிவரும் காருக்கு இதுதான் தோது என்று நீ சொன்னது சரி. அப்படியென்றால் கார் ஏன் நிற்கிறது?

உம்மா டின்பால் உடைத்துக்கொண்டிருந்தா. "இஞ்ச பாருங்க, ஒத்த ஓட்டை போட்டா பால் வருமா? காத்துப் போக மத்த ஓட்டையும் வேணும். ஒங்கட டேங்க் மூடியில ஓட்டை கிடக்கா?" என்று கேட்டா. கிடந்தது மகள். பில்டர் பூட்டிய அன்று அதைத் துரு தின்ற ஓட்டை என்று நினைத்துச் சவுக்காரம் வைத்து அடைத்தது நான்தான். தோண்டி எடுத்துவிட்டு உன் பில்டரோடு பொத்துவில் வரை போய் வந்தோம், ஓரிடத்திலும் நிற்கவில்லை. உம்மா வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தா.

இறங்கியதும், "பிழை சொன்ன இடத்துலயே போய்த் திருத்திட்டு வாங்க" என்றா. நேற்று கராஜுக்குப் போய் எல்லோர் முன்னாலும், மகள் அனுப்பியது சரி, மூடியை அடைத்த மடையன் நான் என்று சொன்னேன். ஷரிபுதீன் இன்னும் சிரித்து முடிக்கவில்லை, சிரிக்கட்டும்.

குளிரில் வெறுங்காதோடு வெளியே போகாதே, சுபஹ் தொழுகையைத் தவறவிடாதே. அல்லாஹ் உன் கைவேலையில் பரக்கத்தைத் தரட்டும். ஊருக்கு முன்னால் பிழையை ஒத்துக்கொண்டாலும் உன்னிடம் சொல்லத்தான் வாய் வராது, அதனாலும்தான் எழுதுகிறேன்: வாப்பாவை மன்னித்துக்கொள் மகள். இதைப் படித்த பிறகு நான் கோல் அடித்தால் எடு.

உன் குரலுக்குக் காத்திருக்கும் வாப்பா,
பதியுதீன்
கல்முனை