காற்றுக்குக் கை கிடையாது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே முட்டி வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வீட்டுச் சேதி சொல்ல ஆரம்பித்தால் அதிலேயே கை ஓய்ந்துவிடும், அதனால் ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகத்தில் வருகிற அந்தச் சண்டை நாளில் ரொட்டிக்கடைக்குக் கீழே இருந்த மாவுக் கிடங்கில் இருந்தவர்கள் ரொட்டிக்கடைக்காரர், அவர் சம்சாரம், தபால்காரர், தையல்காரர், கணக்கு டீச்சர், என் அம்மா, நான், ரொட்டிக்கடைக்காரம்மா மடியில் கைக்குழந்தையாக என் தங்கை, உன் சித்தி. அவ்வளவுதான். பூனை கிடையாது. உன் புத்தகத்துக்குப் படம் போட்ட புண்ணியவான் மாவு மூட்டை மேல் ஒரு ஆரஞ்சுப் பூனையை உட்கார வைத்திருக்கிறார். அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் பூனை இருந்திருந்தால் அதைச் சும்மா விட்டிருப்போமா, பசி தெரியாத மனுஷன் போட்ட படம்.

புத்தகம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் தம்பிதான் பார்சலைப் பிரித்துக் கொடுத்தான், கையெல்லாம் வண்டி எண்ணெய், அட்டையில் ஒரு விரல் பதிந்துவிட்டது, அதற்கு நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். நான் யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. சண்டை வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினதோடு என் படிப்பு முடிந்தது என்றாலும் எழுத்துக்கூட்டப் பஞ்சமில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய் மகளே, சைரன் சத்தம் வந்ததும் வரிசையில் நின்றவர்கள் ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடுவது, இருட்டில் மாவு தொண்டையில் அடைத்து எல்லோரும் இருமலை அடக்குவது, எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. என் தம்பி வாலுவை நீ பார்த்ததே இல்லை, ஆனால் அவன் ஒரு இடத்தில் நில்லாமல் துள்ளுவதைக் கூடக் கொண்டுவந்துவிட்டாய். அப்புறம் பக்கத்தைத் திருப்பினேன். “காற்று வந்து கதவை மூடிக்கொண்டது” என்று இருந்தது. திரும்பக் கூட்டிப் பார்த்தேன், காற்று என்றுதான் இருந்தது. வாலு அந்தக் காற்றோடு பட்டம் விடப் போய்விட்டானாம்.

நான் போனில் கேட்டதற்கு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா, எனக்கு ஒரு சொல் விடாமல் இருக்கிறது. “அம்மா, இது ஏழு வயசுப் பிள்ளைங்க படிக்கிறது, படிச்சிட்டு அதுங்க தூங்கணும், கெட்டவங்கன்னு யாரையும் காட்டாதீங்கன்னு புத்தகம் போடுற ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.” நான் என்ன கெட்டவர்களைக் காட்டவா சொன்னேன். அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை, பயந்தவர்கள்தான் இருந்தோம். மறுநாள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டு “பாட்டி, காத்துக்கு வாலு மேல என்ன கோபம்?” என்று கேட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். அன்றைக்குத் துளி காற்று இல்லை. கிடங்கில் இறங்கும்போது பார்த்தேன், தெருக்கோடியில் எரிகிற வீட்டின் புகை நேராக நின்றது. காற்றுக்குக் கை கிடையாது மகளே, அந்தக் கதவுக்கு உள்பக்கம் குறுக்கே போடுகிற இரும்புக் கம்பி, என் கால் கனம் இருக்கும், அதைத் தூக்கிக் கொண்டியில் போடக் கை வேண்டும்.

இனி எழுதுவதை முழுசாக நான் யாருக்கும் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. இறங்கும்போது வாலு எங்களோடுதான் இறங்கினான். ஒரு செருப்பு படியிலே கழன்று மேலே நின்றுவிட்டது, புதுச் செருப்பு, அதை எடுக்கத் திரும்பி ஓடியிருக்கிறான். இருட்டில் அவன் யார் மடியிலோ இருக்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அவன் எப்போதும் அப்படித்தான், யார் மடி கிடைத்தாலும் ஏறிக்கொள்வான், தெருவில் அவன் ஏறாத மடி கிடையாது. அந்தப் பழக்கம்தான் அவனைக் கொன்றது, யாரும் தேடவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கம்பியைப் போட்டார். அதற்கப்புறம் மேலே கடைக்குள் பட்டாளத்துக்காரர்களின் பூட்ஸ் சத்தம். அப்புறம் கதவின் அடிப்பக்கத்தில் தட்டுகிற சத்தம், பெரியவர்கள் தட்டுகிற உயரம் இல்லை. “அக்கா, செருப்பு கிடைச்சிருச்சு” என்றான். சந்தோஷமாகச் சொன்னான். எல்லோருக்கும் கேட்டது.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து கம்பியில் கை வைத்தார். திறக்கத்தான் வைத்தார், இதை நீ நன்றாகப் படித்துக்கொள், திறக்கத்தான் வைத்தார். ஒரு கை வந்து அவர் கையைக் கம்பியோடு சேர்த்து அமுக்கியது. நான் கத்த வாய் திறந்தேன், என் வாயை இன்னொரு கை பொத்தியது. இரண்டும் ஒரே ஆளின் கை. கொஞ்ச நேரம் தட்டினான், அப்புறம் மேலே இரண்டு வெடிச் சத்தம், அப்புறம் தட்டவில்லை. பூட்ஸ் சத்தம் போன பிறகு கதவைத் திறந்தபோது இரண்டு செருப்பும் அவன் காலில் இருந்தன. வாரைச் சரியாக மாட்டியிருந்தான், அவனுக்கு அதற்கு முன் மாட்டத் தெரியாது.

தபால்காரர் அங்கேயே உட்கார்ந்து பையில் இருந்த பிஸ்கட்டைத் தனியாகத் தின்றார், அதற்காக அவர் சாகிற வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை, ஆனால் மன்னித்துவிட்டேன். கணக்கு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார், மன்னித்தேன். தையல்காரர் வாலுவுக்குத் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை முடித்துப் பொத்தான் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார், அந்த முட்டாள்தனத்தையும் மன்னித்தேன். மேலே சுட்டவன் முகத்தை நான் பார்க்கவில்லை, முகம் தெரியாதவனை மன்னித்தால் என்ன மன்னிக்காவிட்டால் என்ன. அந்தக் கையையும்கூட, அது அமுக்கினதற்காக நான் ஒன்றும் சொல்லமாட்டேன். திறந்திருந்தால் உன் சித்தி இல்லை, நான் இல்லை, நீ இல்லை. அது அந்த நேரத்துப் பயம்.

ஆனால் சண்டை ஓய்ந்த பிறகு தெருவில் பேச்சுக் கிளம்பியது, ரொட்டிக்கடைக்காரன்தான் கதவைத் திறக்காமல் பச்சைப்பிள்ளையைச் சாகக் கொடுத்தான் என்று. கம்பியைப் போட்டது அவர்தானே, கேட்டவர்களுக்கு அது போதுமாயிருந்தது. கடையில் யாரும் ரொட்டி வாங்கவில்லை. ஷட்டரில் கரியால் என்னென்னவோ எழுதினார்கள். அந்தக் கைக்கு உரிய ஆள் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவர் கடை வாசலில் காறித் துப்பியதை நான் பார்த்தேன். ரொட்டிக்கடைக்காரம்மா உள்ளேயிருந்து “வாயைத் திறந்து சொல்லுங்களேன், உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று புருஷனைப் பார்த்துக் கத்தினார். அவர் துணியால் துப்பலைத் துடைத்துவிட்டு “விடு, அவங்க படுறது போதும்” என்றார். அந்த வருஷமே கடையை விற்றுவிட்டு எங்கேயோ போனார்கள், இன்னொருவன் அடுப்பில் கூலிக்கு வேலை பார்த்துச் செத்தார் என்று காதில் விழுந்தது. உன் புத்தகத்தின் கடைசிப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டே பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுக்கிறார்.

நான் காற்றை எடுத்துவிடு, ஒரு கை என்று மட்டும் போடு, யார் கை என்றுகூடச் சொல்ல வேண்டாம், ரொட்டிக்கடைக்காரர் திறக்கப் போனார் என்று ஒரு வரி போடு என்றேன். “அச்சாகிப் பள்ளிக்கூடங்களுக்கே போயிடுச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்றாய். பின் அட்டையில் “என் அம்மா சொன்னபடியே எழுதப்பட்டது” என்று வேறு போட்டிருக்கிறது, அதையும் எடுக்க முடியாதாம். உன் சித்தியிடம் சொல்லி அழுதேன், அவள் கண் ஆபரேஷன் கட்டோடு படுத்துக்கொண்டு “விடுக்கா, எல்லாரும் போய்ச் சேந்தாச்சு, யாருக்கு என்ன வந்தது” என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்தவர்களில் நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி, அதில் ஞாபகம் இருக்கிறது ஒருத்திக்கு. நானும் போன பிறகு காற்றுதான் மூடியது என்று ஆகிவிடும். ஊரில் பழைய ஆட்கள் யாராவது மிச்சமிருந்தால் ரொட்டிக்கடைக்காரன் மூடினான் என்பார்கள். இரண்டில் எது நின்றாலும் அந்த மனுஷனுக்கு விடிவில்லை. இந்தக் கடிதத்தால் ஒன்றும் மாறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

வேறு சேதி என்ன, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, உன் தம்பி ஊர் வண்டியெல்லாம் சரி பண்ணுவான், வீட்டுக் குழாயைத் தொடமாட்டான். பேரன் காதில் குச்சி விட விடாதே. நீ ராத்திரி கண்விழித்து எழுதாதே, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நீ பிள்ளைகள் தூங்க வேண்டும் என்று நினைத்தாய், நல்ல எண்ணம்தான். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு, யாரும் வந்து தட்டாத கதவுக்குள் நன்றாக இருங்கள்.

ஒன்று பாக்கி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் “எனக்குக் கதை சொல்லித் தூங்கவைத்த பாட்டிக்கு” என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். கம்பியை அமுக்கியது போகட்டும், அந்த மனுஷன் தலையில் பழி விழுந்தபோது வாய் திறக்காமல் போய்த் துப்பிவிட்டு வந்ததை, கட்டிலில் கடைசி மூச்சு இழுக்கும்போது நான் குனிந்து “இப்பவாவது சொல்லிடு” என்று கெஞ்சியும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதை, நான் மன்னிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

மன்னிக்காதது அவளை, என்னைப் பெற்றவளை.