இரண்டாவது தீக்குச்சி

அன்புள்ள மாமா,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் அன்று என் கண்முன்னே தீப்பிடித்ததிலிருந்து பக்கத்து வீட்டு முருகம்மாள் அக்காதான் தினமும் வந்து நம் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகரம்மா ஒரு பட்டியல் எழுதித் தந்தார்: முதலில் தீப்பெட்டியைப் பார்ப்பது, பிறகு கையில் பிடிப்பது, கடைசியாக ஒரு குச்சியைக் கிழிப்பது. “பயம் பாதியா குறையிற வரைக்கும் கீழ வைக்காதீக” என்றார். முதல் நாள் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டே அழுதேன்.

இன்று காலை கிழித்துவிட்டேன் மாமா!

“அடியே, பத்திக்கிருச்சுடீ!” என்று அக்கா தெருவுக்கே கேட்கக் கத்தினாள். நானோ சுடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றதில் கேஸைத் திறக்க மறந்தேன். குச்சி அணைந்துவிட்டது.

இரண்டாவது குச்சி பட்டியலில் இல்லை. அதையும் நானே கிழித்தேன்.

காபி பொங்குகிறது, போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி